பந்தல் மூலையில் கட்டாத சிவப்புத் துணி

அனுப்புநர்
பி. ஜெபஷீலா, பி.எஸ்சி. (வேதியியல்),
க/பெ பிரின்ஸ்,
2/47, ஓடைமேடு,
கம்பம் வழி, உத்தமபாளையம் வட்டம்,
தேனி மாவட்டம்.

பெறுநர்
தோட்டக்கலைத் துணை இயக்குநர் அவர்கள்,
தேனி மாவட்டம்.

பொருள்: திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் முன் சிவப்புத் துணி கட்டி அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது – பதினான்கு மாதக் குழந்தை பாதிக்கப்பட்டது – மீண்டும் கட்டச் செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 10.08.2025 அன்று கம்பத்தில், இயற்கை உணவுத் திருவிழா மேடையில் தாங்கள் ஆற்றிய உரை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அன்று பேசி முடிக்கும்போது, சாப்பாடு பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் நேரடியாக எனக்கு எழுதுங்கள் என்று கூறினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் குழந்தையுடன் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லை நம்பியே எழுதுகிறேன். நடந்தது முடிந்து பதினெட்டு நாட்கள் ஆகிவிட்டன. தாமதத்துக்கான காரணத்தையும் கீழே எழுதியுள்ளேன்.

1. எங்கள் வீடு ஈஸ்வரபாண்டி என்பவரின் திராட்சைத் தோட்டத்தை ஒட்டியது. சமையலறை ஜன்னலுக்கும் அவருடைய பந்தலின் கடைசிக் கல்தூணுக்கும் இடையே எட்டடி இருக்கும். கணவர் எர்ணாகுளத்தில் கம்பெனி வண்டி ஓட்டுகிறார். மாதம் ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மகள் மகிமாவும் மட்டுமே. நான் தேனி கடைவீதியில் வளர்ந்தவள். இங்கு வந்து மூன்று வருடமாகியும் ‘தேனிக்காரப் பிள்ளை’தான். இதைப் புகாராகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

2. சாரல் பிடித்தால் திராட்சைக்கு நோய் வரும், மருந்தடிக்காமல் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்காக எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தடிப்பதற்கு முந்தைய சாயங்காலம் பந்தலின் மூலைத் தூணில் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்ததும் ஆடுகளை இடம் மாற்றுவார்கள், தண்ணீர்க் குடங்களை மூடுவார்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். எங்கள் பக்கத் தூணில் துணி கட்ட வருபவர், தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. அவருடைய பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. கட்டி முடித்ததும் ஜன்னலைப் பார்த்து, “ஏத்தா, கொடியில காயிற துணிய எடுத்துரு, நாளைக்குப் பிள்ளைய வெளிய விடாத. ஆமா, ரெண்டு பல்ல வச்சுக்கிட்டு ஒம் மக யாரக் கடிக்கப் போறாளாம்?” என்பார். பல நாட்களில் என்னிடம் ஒருவர் பேசிய பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

3. கடந்த ஜூலை இரண்டாம் வாரத்திலிருந்து துணி கட்டப்படவில்லை. அந்த அக்காவும் தூண் பக்கம் வரவில்லை. மருந்தடிக்கும் இன்ஜின் சத்தமும் கேட்கவில்லை. மருந்தடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். இடையில் இரண்டு முறை மகிமாவுக்கு இளைப்பு வந்தது. சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஸ்வெட்டர் மாட்டிவிட்டேன்.

4. ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் நடந்த திருவிழாவுக்கு இரண்டு நாளும் போனேன். முதல் நாள் சாமான் வாங்கப் போனேன். இரண்டாம் நாள் வாங்குவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் போனேன். கேப்பை உருண்டை விற்ற பெண் முதல் நாள் குழந்தையின் பெயரைக் கேட்டிருந்தார். மறுநாள் எங்களைத் தூரத்தில் கண்டதுமே, “மகிமா வந்துட்டாகளா, வாங்க வாங்க” என்றார். இது மனுவுக்குத் தேவையில்லாத செய்தி என்றால் மன்னிக்கவும்.

5. அங்குதான் ஈஸ்வரபாண்டி அவர்களின் கடையைப் பார்த்தேன். ‘நஞ்சில்லாத் திராட்சை’ என்று பலகை வைத்திருந்தார். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மதுரையிலிருந்து வந்த இரண்டு குடும்பத்தினர் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். நானாகவே முன்வந்து, “இவுக தோட்டத்துக்குப் பக்கத்து வீடுதான் நாங்க, ஒரு மாசமா மருந்தே அடிக்கிறதில்ல, நம்பி வாங்குங்க” என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்தார். இரண்டு குடும்பமும் வாங்கிச் சென்றன. அவர்களுடனும் சிறு குழந்தைகள் இருந்தார்கள்.

6. மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மகிமாவை முற்றத்தில் விட்டுவிட்டுப் பால் காய்ச்சினேன். ஜன்னலுக்கு வெளியே பந்தலுக்குள் ஒருவர் பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அடித்துக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் குழந்தையின் தலைமுடியெல்லாம் ஈரம். அன்று மத்தியானம் அவள் மூச்சுவிடத் திணறியதால் மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு நாட்கள் வைத்திருந்தோம். ‘வைத்திருந்தோம்’ என்று எழுதிவிட்டேன். நான் மட்டும்தான் இருந்தேன்.

7. திரும்பி வந்து ஈஸ்வரபாண்டி அவர்களிடம், அண்ணே, துணியாவது கட்டியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இயற்கைத் தோட்டத்துக்கு எதுக்குத்தா செவப்புத் துணி? விழாக்காரவுக வந்து பாத்தா என்ன நெனப்பாக?” என்றார். அதற்குப் பிறகு குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருநாள் ஒருவர், “கம்ப்ளைண்ட் குடுக்குறவுக வந்துட்டாக, வழிய விடுங்கடி” என்றார். அன்றுவரை நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுதாமல் இருந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. தாமதத்துக்குக் காரணம் இதுவே.

8. அடித்தது என்ன மருந்து என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேதியியல் படித்தவள் என்ற முறையில், வாசனை ஆதாரமாகாது என்பதை அறிவேன். எனவே அந்தத் தோட்டத்துத் திராட்சையைத் தாங்கள் பரிசோதிக்க வேண்டும். அதனால் இந்த ஊரில் எனக்கு என்ன வரும் என்று தெரிந்தே கேட்கிறேன். நஞ்சு இருந்தால், அந்த இரண்டு குடும்பங்களுக்கும் விழாக் குழு வழியாகத் தகவல் சொல்ல வேண்டும். அவர்களுக்கு உறுதி சொன்னவள் நான் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

9. முடிவு எப்படி வந்தாலும், இயற்கை மருந்தாகவே இருந்தாலும், அடிப்பதற்கு முந்தைய நாள் எங்கள் பக்கத் தூணில் துணி கட்டும்படி உத்தரவிட வேண்டுகிறேன். என் பிரதான கோரிக்கை இது ஒன்றுதான். முன்பு கட்டிய அந்த அக்காவே வந்து கட்டினால் போதும். அவர் என்னிடம் பேச வேண்டும் என்பதில்லை. துணியைப் பார்த்தாலே நான் பிள்ளையை உள்ளே தூக்கிக்கொள்வேன்.

மழைக்காலம் தொடங்கும் முன் தாங்கள் நடவடிக்கை எடுப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன்,

பி. ஜெபஷீலா

இடம்: ஓடைமேடு
நாள்: 29.08.2025

இணைப்பு:
1. மருத்துவமனைச் சீட்டு நகல்.
2. விழாக் கடையில் ‘நஞ்சில்லாத் திராட்சை’ பலகையின் புகைப்படம் (மகிமாவும் அதில் இருக்கிறாள்).
3. சிவப்புத் துணி, ஒரு முழம். துணி இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.