இடது கிராங்க்

மார்ச் 4, செவ்வாய்
பெண்கள் சைக்கிள் பந்தய அணி ஒன்றை நடத்தும் ரெனில்டே போன் செய்தார். அவருடைய அணியில் ஓர் இடம் காலி. தொடை எலும்பு முறிந்ததும் என் பழைய அணி கழற்றிவிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கேட்கவில்லை. "இருபது நிமிஷம் முழு மூச்சா மிதி. எத்தனை வாட்டுன்னு மட்டும் அனுப்பு." மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரே என்னிடம் இல்லை. நாள் தவறாமல் பயிற்சி செய்கிறேனே, அது போதாதா?

மார்ச் 6
தம்பி வான்னஸ் தன் சைக்கிள் கடையில் கிடந்த ஒன்றைக் கொண்டுவந்தான். இடது கிராங்க், அதாவது பெடலை அச்சோடு இணைக்கும் தண்டு, உள்பக்கம் மீட்டர் ஒட்டியது. என் அச்சில் ஆடுகிறது. என் அச்சு மெலிது, அது தடித்த அச்சுக்கானது.
"எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னியேடா?"
"பாக்க ஒண்ணு மாதிரிதான்க்கா இருந்துச்சு."

மார்ச் 8, சனி
தடித்த அச்சைத் தேடிப் பிடித்தான். அது என் பேரிங்கில் நுழையவில்லை. பேரிங்கை மாற்றினான். நுழைந்தது. மிதித்தேன் — கர்ர். மீட்டர் பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில் உரசி, பெயின்ட் போயிற்று. கருவியை மாட்ட வேண்டுமென்றால் சைக்கிளையே மாற்ற வேண்டும் போலிருக்கிறது. அவன் வேறு சிரிக்கிறான்.

மார்ச் 12
என் பழைய அச்சுக்கே பொருந்தும் மெல்லிய மீட்டர் வந்தது. உரசவில்லை. நம்ப முடியவில்லை.

மார்ச் 15, சனி
ஸ்கெல்டே ஆற்றங்கரைப் பாதை, எதிர்காற்று. கண் இருட்டும்வரை மிதித்தேன். 201 வாட். இருநூற்றொன்றா? விபத்துக்கு முன்னால் இது எனக்குக் காலை நேரத்து உலா.
அனுப்பினேன். ரெனில்டேயின் பதில்: "இதை வெச்சு நான் என்ன பண்றது?"

மார்ச் 16
வான்னஸ் இன்றைக்குத்தான் சொல்கிறான். இந்த மீட்டர் இடது காலை மட்டும் அளந்து, அதையே இரட்டிப்பாக்கிக் காட்டும். முறிந்தது என் இடது தொடை! கத்தினேன். உன்னால்தான் போச்சு, இதைக்கூடச் சொல்லத் தெரியாதா, இன்னும் என்னென்னவோ.
அவன் குரலை உயர்த்தவில்லை. "இடது கால் சரியாயிடுச்சுன்னு நீதானேக்கா எல்லார்கிட்டயும் சொன்னே? அதான் ரெட்டிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு விட்டுட்டேன்."
ஆமாம், சொன்னேன்தான். டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன்.

மார்ச் 22, சனி
ஃபேர்லே தன் பெடல்களை இரவல் தந்தாள். எத்தனையோ பந்தயங்களில் என்னை முந்தியவள். இவை இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும். எந்த கிராங்கிலும் திருகலாம். ஆனால் என் ஷூவின் அடியிலுள்ள கொக்கி அதில் மாட்டாது. அவளுடைய ஷூவையும் வாங்கி, பெரிதாக இருந்ததால் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டேன். மறுபடி ஆற்றங்கரை.
மொத்தம் 245. இது போதும், இடம் கிடைத்துவிடும்.
இடது நாற்பத்தொரு சதவீதம். வலது ஐம்பத்தொன்பது.
ரெனில்டே கேட்டது மொத்தத்தை மட்டும்தானே?

மார்ச் 23
அனுப்பவில்லை. வலது முட்டி சில வாரங்களாக வீங்குவதை இங்கேகூட எழுதாமல்தான் இருந்திருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்
மூன்று எண்களையும் அனுப்பினேன். மதியம் போன் வந்தது. "மொத்தம் நல்லாருக்கு. ஆனா இந்தக் காலோட உன்னைப் பந்தயத்துல விட்டா, கோடைக்குள்ள வலது முட்டியும் போயிடும். வேற பொண்ணை எடுத்துக்கிறேன். லீஸலோட், நீ முதல்ல டாக்டரைப் பாரு."
பொய் சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3
டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு சேர்ந்தபோது இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாம். வான்னஸ் இடது ஷூவின் அடியில் ஒரு தகடு வைத்தான். முதல் தகடு பொருந்தவில்லை. திட்டவில்லை நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு
ஊரே பெரிய பந்தயம் பார்க்கச் சாலையோரம் நிற்கிறது. நான் வீட்டுக்குள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் ரோலரில், இடது காலால் மட்டும்.

ஜூன் 15, ஞாயிறு
பக்கத்து ஊர்த் திருவிழாப் பந்தயம். பதினொன்றாவதாக வந்தேன். தேவாலயச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிரெஞ்சு ஃபிரைஸ் தின்றுகொண்டிருந்தபோது ரெனில்டே வந்து நின்றார்.
"எந்தக் கால் வலிக்குது?"
"ரெண்டும் சமமா."
என் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.