கூழாங்கல்லை அடைகாத்த மேடம்

9 ஜூன் 2025, திங்கள்

மத்தியானம் நல்ல மழை. செம்பனை எண்ணெய் மில்லில் எடை எழுதும் கிராணி வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் கால் கணுக்கால் வரை சேற்றில் போனது. மனைவி மங்கம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "சிரம்பான் பாரோயில இருந்து வர்றவங்களும் இதையேதான் மிதிக்கணுமா?"

29ஆம் தேதி எங்கள் மகள் புனிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சத்தியசீலன், சிரம்பானில் பல் கட்டும் வேலை. ஆடி பிறப்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அவருடைய மாமா திருநாவுக்கரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டு வாசலை மங்கம்மா ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்திருக்கிறாள். வெள்ளைக் கூழாங்கல்லாம், நடுவில் ஒரு கல் விளக்காம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஐந்து முறை காட்டினாள்.

14 ஜூன், சனி

லுக்குட் நர்சரிக்குப் போனேன். கடைக்கார அஸ்வர் நல்ல மனிதர். சேற்றின் மேல் அப்படியே கொட்டினால் ஒரே மழையில் கல் உள்ளே போய்விடும், மண்ணை வெட்டி எடுத்து, புல் முளைக்காமலிருக்கக் கறுப்புத் துணியை விரித்து, சுற்றிலும் செங்கல் வைத்து, அதன் மேல்தான் கல்லைப் பரப்ப வேண்டும் என்றார். ஆற்றுக் கல் என்பதால் முனை இருக்காது, வெறுங்காலிலும் நடக்கலாம்.

அங்கிருந்தே புனிதாவுக்குப் போன் செய்தேன். "வெள்ளையா, சாம்பலா, கலந்ததாம்மா?" அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கூட்டம் போல. "வெள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டாள். பெரிய கல், உருண்டை, ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமாக, வழவழவென்று.

15 ஜூன், ஞாயிறு

இடுப்பு போய்விட்டது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். கல்லைப் பரப்பிக் குழாய்த் தண்ணீரை அடித்ததும் மாவு போல ஒட்டியிருந்த தூசி ஓடி, அத்தனையும் பளிச்சென்று வெளியே வந்தன. கேட்டிலிருந்து கதவு வரை ஒரே வெள்ளை. ரோட்டுக்குப் போய் நின்று பார்த்தேன். யாரோ வசதியானவர் வீடு போல இருந்தது. உள்ளே போகவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

18 ஜூன், புதன்

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தின் அங்சா வாத்து என் கல் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆறுமுகம் தோட்டத்தில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பனைக் காட்டிலிருந்து பாம்பு வராமல் இருக்க இந்தப் பெரிய வாத்தை வளர்க்கிறார். அந்தக் காலத்துத் தோட்ட மேனேஜரின் சம்சாரம் மாதிரியே நடக்கிறதாம், அதனால் அதற்கு மேடம் என்று பெயர். 'ச்சூ' என்றேன். மேடம் கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறியது. வலது சிலிப்பரை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

20 ஜூன், வெள்ளி

எழுந்திருக்கவே இல்லை. ஆறுமுகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடை உக்காந்திருச்சு கிராணி. இனிமே பொரிக்கிற வரைக்கும் நவுராது."

"அது கல்லுங்க."

"தெரியுது லா. அதுக்குத் தெரியணும்ல?"

"கல்லு எப்படிங்க பொரிக்கும்?"

"அதான் சொல்றேன், கொஞ்சம் நாளாகும்."

கோபம் வரவில்லை. அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஒரு கணம் நியாயமாகப் பட்டுவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

22 ஜூன், ஞாயிறு

மங்கம்மாவின் யோசனை. பசாரில் நிஜமான வாத்து முட்டை வாங்கி வந்து, கம்பால் ஒவ்வொன்றாக மேடம் பக்கம் உருட்டிவிட்டோம். முட்டையோடு அதன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று திட்டம். மேடம் முட்டைகளை ஒன்று விடாமல் பார்த்தது. பிறகு அலகால் தள்ளி ரோட்டில் விட்டது. பக்கத்தில் கிடந்த கல் இரண்டை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் இப்போது சமையல்கட்டு வழியாகத்தான் போகிறோம், வருகிறோம். பார்சல் கொண்டுவருபவர் கேட்டுக்கு வெளியே நின்று எறிகிறார்.

25 ஜூன், புதன்

இன்று நடந்ததை எங்கே போய்ச் சொல்வது?

மேடம் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து, நானும் புனிதாவும் அது உட்கார்ந்த இடத்துக் கல்லையெல்லாம் வாரி வாளியில் போட்டு ஒளித்துவிட்டோம். திரும்பி வந்தது. வெறும் கறுப்புத் துணியைப் பார்த்தது. கத்த ஆரம்பித்தது. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. லாரி ஹாரன் ஒன்றுக்கு வயிற்றுவலி வந்தால் எப்படி இருக்கும்? விளக்கு வைக்கும் நேரம் வரை விடவில்லை. தாமான் குடியிருப்புச் சனம் முழுக்க ரோட்டுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி கண் கலங்கி, "அது புள்ளைங்கள எடுத்துட்டீங்களே அண்ணே, உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல?" என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவராவது சிரிப்பார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இல்லை.

கல்லைத் திரும்ப வைத்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று நினைவில்லை.

28 ஜூன், சனி

நாளைக்கு வருகிறார்கள். சமையல்கட்டு வாசலில் தென்னங்குருத்துத் தோரணம் கட்டியாயிற்று. வாஷிங் மெஷின் மேல் மங்கம்மா பட்டுப் புடவை போர்த்தியிருக்கிறாள். அது ஏதோ சாமி மாதிரி தெரிகிறது.

29 ஜூன், ஞாயிறு

இரண்டு காடியில் வந்தார்கள். வணக்கம் சொல்லி, "இப்படி வாங்க" என்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கை காட்டினேன். மாமா திருநாவுக்கரசு நகரவில்லை. கையில் பழத்தட்டு.

"பொண்ணு பாக்க வந்தவங்களப் பின்வாசல் வழியாவா கூட்டிட்டுப் போவீங்க?"

"மன்னிக்கணும். முன்வாசல்ல அடைகாக்குது."

"என்னது?"

"பக்கத்து வீட்டு அங்சா."

"முட்டையா?"

"இல்லங்க. கல்லு."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்து, தட்டோடு நேராகக் கல்லில் இறங்கினார். மேடம் எழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆப்பிள் எல்லாம் கல்லின் மேல் உருண்டது, மாமா காடியின் பானெட் மேல் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மாமாவைக் காப்பாற்றப் போன சத்தியசீலனின் கால்சட்டையை மேடம் கவ்விப் பிடித்துக்கொண்டது. அவர் ஆடாமல் அசையாமல் நின்றார்.

முன்கதவு திறந்தது. புனிதா, முழு அலங்காரத்தோடு, கையில் ஒரு துண்டு. வந்து மேடத்தின் தலை மேல் போட்டாள். சத்தம் அடங்கியது. ஆனால் கால்சட்டையை மட்டும் விடவில்லை. ஆக இரண்டு பேரும் அந்தக் கல்லிலேயே குந்தி உட்கார வேண்டியதாயிற்று. நான் மேடத்தை விரட்ட எடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு பூச்சட்டிக்குப் பின்னால் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"பேரு என்ன?"

"புனிதா."

"இல்ல, இதோட பேரு."

"மேடம்."

சத்தியசீலன் துண்டு மூடிய தலையைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார். "உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பமா?"

"இல்ல."

"அப்பாடா. எனக்கும் இல்லங்க."

சிரித்தார்கள், இரண்டு பேரும். என் மகள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று? துண்டுக்குள்ளிருந்து மேடம் பிடியை விட்டது. சத்தியசீலன் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டு, காடியில் ஏறினார். மாமா பானெட்டை விட்டு இறங்கியது அதற்கும் பிறகுதான்.

சாயங்காலம் போன் வந்தது. சகுனம் சரியில்லையாம்.

30 ஜூன், திங்கள்

வேலையில் மனம் போகவில்லை. செம்பனைப் பழ லாரி ஒன்று எடை போடாமலே தாண்டிப் போய்விட்டது, திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "வேணாம்னு ஏம்மா என்கிட்ட சொல்லல?"

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கல்லு என்ன கலர்னு போன் பண்ணிக் கேட்டீங்கப்பா. மாப்பிள்ளையப் பத்தி எப்பக் கேட்டீங்க?"

கேட்டேனே. கேட்டேன்தானே? போட்டோ காட்டினேன். நல்ல பையன், நல்ல வேலை, நல்ல குடும்பம்னு சொன்னேன். அவ தலைய ஆட்டுன மாதிரிதான் இருந்துச்சு. ஆட்டுனாளா? இல்ல, நான் சொல்லிட்டு டிவி பக்கம் திரும்பிட்டேனா? ஞாபகம் இல்லையே. சாகுற வரைக்கும் யோசிச்சாலும் வராது போல.

கல்லு கலரு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

1 ஜூலை, செவ்வாய்

மங்கம்மா இரண்டு நாளாக அழுதுவிட்டு, இன்று மேடம் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அந்த ஆப்பிளையெல்லாம் பொறுக்கி, கழுவி, அரிந்து எங்கள் முன் வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். "பையன் நல்லவன்தான்" என்றாள். "ஆமாம்மா, நல்லவர்" என்றாள் புனிதா. "அப்புறம் என்னடி?" "நல்லவங்க எல்லாரையும் கட்டிக்க முடியுமாம்மா?" மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

13 ஜூலை, ஞாயிறு

காலையில் மேடம் தானாக எழுந்து, உடம்பை உதறி, கேட்டைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறுமுகம் ஓடி வந்தார்.

"பொரிச்சிருச்சா?" என்று நான்தான் கேட்டேன். சத்தியமாக நான்தான்.

அவர் மண்டி போட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். "இல்ல கிராணி" என்றார். இரண்டு பேருக்குமே கொஞ்சம் வருத்தம்தான். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

14 ஜூலை, திங்கள்

முன்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

போர்டிக்சன் தரகர் குணாளன் போன் செய்தார். கிள்ளான் பையனாம், இன்ஜினியராம், ஜாதகம் அருமையாகப் பொருந்துகிறதாம். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டினேன். "அம்மாடி, கிள்ளான் பையன் ஒருத்தன். இன்ஜினியர். பாக்கலாமா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "இப்ப வேணாம்பா! அடுத்த வருஷம் கேளுங்க!" மறுபடி தண்ணீர்.

போனை எடுத்தேன். "இப்ப வேணாமாம். அடுத்த வருஷம் கேக்கணுமாம்."

"அது அந்தப் பொண்ணு சொல்றது, சார். பெத்தவரு நீங்க என்ன சொல்றீங்க?"

"அதைத்தாங்க இப்பச் சொன்னேன்" என்றேன்.