முந்தானையில் விழுந்த விமானம்

1938 மாசி, ஞாயிறு இரவு

மண்ணெண்ணெயை வீணாக்குகிறேன், அம்மா மன்னிக்க வேண்டும். எழுதாமல் தூக்கம் வரவில்லை.

இன்று பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் சிறு மாதிரி விமானங்களின் போட்டி. ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுவார்கள். அதிக நேரம் பறப்பதற்குப் பரிசு. பறக்கும்போது பிறர் கை பட்டால் அந்த விமானத்தைப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். பார்க்க வந்த ஊர் மக்களுக்கு இதையெல்லாம் தமிழில் எடுத்துச் சொல்லத்தான் போட்டி நடத்தும் சங்கத்தின் செயலாளர் என்னை அழைத்திருந்தார். பி.ஏ. படித்தவளாம். உரக்கக் கேட்கப் பேசும் தகரக் குழலை வாங்கிக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போனேன். அத்தனை முகங்களைப் பார்த்ததும் குரல் எழவில்லை. திரும்பி வந்து, எல்லாம் சொல்லிவிட்டேன் என்று செயலாளரிடம் சொன்னேன்.

மேட்டூர்க்காரர் ஒருவரின் விமானம் தாழ்ந்து வந்தது. களைவெட்டு முடிந்து வந்திருந்த ஓர் அம்மாள் ஓடிப்போய் அதை முந்தானையில் ஏந்திக்கொண்டார். நடுவர் கத்தினார்.

"கீழ உளுந்தா ஒடஞ்சு போயிருமுன்னுதானுங்க புடிச்சேன்."

"அடுத்தாப்புல காக்காயப் புடிச்சிருமாட்ட இருக்குது" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

செயலாளர், "முன்னாடியே சொல்லியாச்சேம்மா, காதுல உளலையா?" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "சொன்னீங்களா சாமி? எனக்குத்தான் கேக்கலையாட்ட இருக்குதுங்க."

நான் தரையைப் பார்த்தேன். தன் காதையே நொந்துகொண்டு அவர் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் போட்டி உண்டு. நாளை செயலாளரிடம் கேட்க வேண்டும்: ஐயா, அந்த அம்மாளை வரவழையுங்கள். முதல் விமானம் கிளம்புமுன், போன ஞாயிறு நான் எதுவும் சொல்லவில்லை என்பதை அவர் கேட்கும்படி சொல்ல என்னை விடுங்கள்.