உறையில் இருந்த முடி

சுதுரோய், ஃபாரோ தீவுகள்
14 அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். டென்மார்க்கில் குளிர் எப்படி? இங்கே மூன்று நாளாகக் காற்று, படகு வரவில்லை. போனில் பேசினால் துரிட்டா அத்தை காதில் விழும் என்பதால் இதை உங்கள் பாதரசச் சோதனைக்கான முடி உறைகளோடு அனுப்புகிறேன்.

ஊரில் கருவுற்றிருக்கும் ஆறு பேரிடமும் நீங்கள் சொன்னபடியே முடி வாங்கி, வேர்ப் பக்கம் நூல் கட்டி, பெயர் எழுதினேன். அவர்களில் அத்தை மட்டும் தன் கையாலேயே வெட்டி, உறையை ஒட்டியே கொடுத்தார். திமிங்கலக் கறியைத் தொடுவதே இல்லை என்று நான் கேட்காமலே இரண்டு முறை சொன்னார். அது எனக்கு உறுத்தியது. அந்தக் கறியில் இருக்கும் பாதரசம் உயிரணுக்களைத் துருப்பிடிக்க வைப்பது போலச் செய்யும், வயிற்றுக் குழந்தையின் மூளைக்கு அது ஆகாது என்று நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உறையைப் பிரித்தேன். மன்னியுங்கள். விரல் நீள முடி, முழுக்க வைக்கோல் நிறம். ஆனால் அத்தை கோடையில் சிவப்புச் சாயம் பூசியவர். நுனியாவது சிவந்திருக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று, அதே நிறத்தில் இருக்கும் என் முடியைத் தடவினேன். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து கட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னல் போட்டவர் அவர்தான்.

கேட்டதும் அத்தை சிரித்தார். "ஆராய்ச்சிக்காரி பொண்ணுன்னு நெனச்சேன், போலீஸ்காரி பொண்ணால்ல இருக்கே" என்றார். பிறகு உட்கார்ந்து, "ஏழு மாசமா வேற எதுவும் உள்ள எறங்கல, கண்ணு. கொட்டகையில தொங்குற காஞ்ச திமிங்கலக் கறி ஒண்ணுதான் தங்குது. உங்கம்மாகிட்ட சொன்னா திட்ட மாட்டாங்க, ஒரு பார்வை பாப்பாங்க. அதத்தான் என்னால தாங்க முடியாது. உன் முடின்னா சுத்தமா இருக்கும்ல" என்றார்.

அவரிடம் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு சனிக்கிழமைதோறும் அப்பாவோடு நானும் திமிங்கலக் கறி சாப்பிடுகிறேன், உருளைக்கிழங்கும் கொழுப்புத் துண்டும் சேர்த்து. அப்பா வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் நானே தட்டை நீட்டினேன். போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் மீன் என்றேன். அத்தை நம்பி வெட்டிய முடி சுத்தமில்லை, அம்மா. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த முடியை என் பெயர் எழுதிய உறையில் வைத்திருக்கிறேன். சோதித்துப் பாருங்கள். அத்தையின் உறை காலியாக வருகிறது. அதை நிரப்ப என்னால் முடியாது, உங்களால் முடியும். அவரைக் கூப்பிடுங்கள். முடியைப் பற்றி எடுத்ததும் கேட்காதீர்கள். குழந்தை இரவெல்லாம் உதைக்கிறதாம், அதைக் கேளுங்கள். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, இப்போது நிறுத்தினாலும் பலன் உண்டு என்று சொல்லுங்கள். உண்டுதானே, அம்மா?

உங்கள் பார்வைக்குப் பயந்தபடி, உங்களையே எதிர்பார்க்கும் மகள்,
ரன்வா