குடம் உருளட்டும், வெளிச்சம் நிற்கட்டும்

மயிலாப்பூர்
12 செப்டம்பர் 2025

அன்புள்ள டோரதிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று தெரியும். தினமும்தான் போன் செய்கிறாயே. சாப்பிட்டாயா, சொட்டு மருந்து விட்டுக்கொண்டாயா என்று கேட்கிறாய். வேலையைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "அப்புறம் பேசலாம்டி" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸாப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போகிறாய். அதனால்தான் இந்த மெயில். இதற்கும் கட்டைவிரல் போட்டாயானால் நேரில் வந்து அதை ஒடிப்பேன்.

விஷயம் இதுதான். நேற்று நம் அசிஸ்டென்ட் சுஹாஸ் போன் செய்து, நான் வரைகிற டேப்லெட்டின் பேனா எங்கே இருக்கிறது என்று கேட்டான். உனக்கு எதற்குடா என்றேன். "டோரதி மேடம் இனிமே என்னை உங்க சீட்லயே உக்காரச் சொல்லிட்டாங்க மேடம்" என்றான். பாவம், பையன் மேல் தப்பில்லை. பேனா இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சௌகரியம்.

விளம்பரப் பட வேலைக்காகக் கோடம்பாக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையை எடுத்த நாளிலிருந்து நமக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. வருகிறவர்களைப் பேசி உட்கார வைப்பது நீ. தட்டையாக வரைந்த படத்துக்குக் கம்ப்யூட்டரில் லேயர் ஸ்டைல் போட்டு, விளிம்பைத் தூக்கி, நிழலைத் தள்ளி, கையால் எடுக்கலாம் போலத் தோன்ற வைப்பது நான். பிப்ரவரியில் என் இடது கண்ணில் விழித்திரை விலகியது. இரண்டு ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. போனது ஒரு கண். மீதி எல்லாம் இருக்கிறது, திமிர் உட்பட. ஏப்ரலில் திரும்பி வந்து ஜூலை வரை வேலை செய்தேன். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. ஜூலையில் நீதான் என்னை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டு, கொஞ்ச நாள் ஓய்வு எடு என்றாய்.

இங்கே ராகவன் வேறு, "ஆத்துலேயே இருந்துண்டு சின்னதா ஏதாவது பண்ணேன், சாரு" என்கிறார். கட்டிய கணவர், நல்ல மனசு, அதனால் சண்டை போடாமல் விட்டுவிட்டேன். சின்னதாகப் பண்ண எனக்கு வராது.

எனக்கு என் நாற்காலி வேண்டும். சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

கோபத்தோடும், அப்போதும் உன்னுடையவளாகவும்,
சாரு


கோடம்பாக்கம்
15 செப்டம்பர் 2025

என் சாருவுக்கு,

மாதா உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். உன் மெயிலை நேற்று சாந்தோமில் பூசை முடிந்து வெளியே வந்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யத் திரும்ப உள்ளே போகலாமா என்று தோன்றியது.

சுஹாஸுக்கு வாயில் பூட்டு கிடையாது. நானே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். உன் பங்கு உன் பங்குதான், பலகையில் உன் பெயர் முதலில்தான். நீ வீட்டிலிருந்தே இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லு. அவன் செய்வான். அலைச்சல் வேண்டாம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இங்கே ஒரே தலைவலி. தி.நகர் பாத்திரக் கடை அயான் இருக்கிறானே, தாத்தாவின் கடையை இப்போது நடத்துகிறவன், அவன் தீபாவளிக்காக வாசலில் பெரிய எல்.இ.டி. திரை வைத்திருக்கிறான். தினம் ஒரு பாத்திரம் மாற்ற வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் தட்டையாக வரைந்து, உன் முறையிலேயே ஸ்டைல் போட்டிருக்கிறோம். பித்தளைக் குடம் ஒன்று திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருண்டு போகும். பார்த்துவிட்டு அயான், "இன்னா மேடம் இது, என் கடையில நசுங்குன குடமா விக்கிறேன்?" என்று கேட்டுவிட்டான். நாங்களும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம். நிறுத்திப் பார்த்தால் குடம் நன்றாகத்தான் இருக்கிறது. உருளும்போது எங்கேயோ கோணல். எங்கே என்று பிடிபடவில்லை.

வீடியோவை இணைத்திருக்கிறேன். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் பார்க்காதே. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அம்மா நேற்று நண்டு வறுத்தாள். உன்னை நினைத்துக்கொண்டாள். கொடுத்தனுப்பத்தான் வழியில்லாத ஜென்மமாகப் பிறந்திருக்கிறாய்.

என்றைக்கும் உன்,
டோரதி


மயிலாப்பூர்
16 செப்டம்பர் 2025

டோரதி,

நண்டுக்கு அம்மாவிடம் என் நன்றியைச் சொல். நீ தின்றதே நான் தின்ற மாதிரி.

வீடியோவை ஒரு முறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

சுஹாஸ் குடத்தின் வாய், கழுத்து, வயிறு எல்லாவற்றுக்கும் அழகாக ஸ்டைல் போட்டிருக்கிறான். போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பொட்டலத்தை உருட்டியிருக்கிறான். குடத்தோடு சேர்ந்து வெளிச்சமும் உருள்கிறது. கிளம்பும்போது பளபளப்பு மேலே இருக்கிறது. குடம் தலைகீழாகும்போது பளபளப்பு அடிக்குப் போய்விடுகிறது. உலகத்தில் வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று கண் நம்பிக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கம் பளபளத்தால் அதற்கு மேடான இடம் பள்ளமாகத் தெரியும். அதுதான் நசுங்கல். பிறகு நிமிரும்போது தானாகவே சரியாகிவிடுகிறது. நீங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததெல்லாம் நிமிர்ந்திருந்த இடத்தில்தான்.

பொட்டலத்தைப் பிரிக்கச் சொல். துண்டுகளைத் தனித்தனியாகவே ஒரு வெற்று லேயரோடு இணைத்து, அந்த வெற்று லேயரை உருட்டட்டும். துண்டுகள் சுற்றி முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் ஸ்டைலைக் கணக்குப் போடும். குடம் உருளும், வெளிச்சம் நின்ற இடத்தில் நிற்கும். இன்னொன்று, தரையில் விழும் நிழல் குடத்தின் அடியைத் தொடவில்லை. குடம் தரைக்கு மேலே ஒரு விரற்கடை மிதக்கிறது. நிழலை இழுத்து ஒட்டவை.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பாரடி. இரண்டு கண்ணும் திறந்திருந்தால், இது வெறும் கண்ணாடிப் பலகை என்று அவை சேர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒற்றைக் கண்ணுக்கு அந்த வம்பு இல்லை. நிழல் சொன்னால் நம்பும், நிழல் பொய் சொன்னால் உடனே கோபித்துக்கொள்ளும். அயானின் கடைக்கு எதிர்ச்சாரியில் நின்று பார்க்கிற கூட்டத்துக்கு, அந்தத் தூரத்தில் இரண்டு கண்ணும் ஒன்றுதான். அவர்கள் பார்ப்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

மார்ச் மாதம் முழுக்க நான் காபியை டபராவுக்கு வெளியேதான் ஊற்றினேன். தூரம் தெரியவில்லை. மேடை எல்லாம் காபி, ராகவன் துடைத்துத் துடைத்துச் சலித்துப்போனார். அப்புறம் ஒரு நாள் டபராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் நிழலைப் பார்க்க ஆரம்பித்தேன். நிழல் அடியைத் தொடுகிற இடத்தில்தான் பாத்திரம் இருக்கிறது. இத்தனை வருஷம் திரையில் செய்த வேலையை இப்போது சமையலறையில் செய்கிறேன். இப்போதெல்லாம் ஒரு சொட்டு சிந்துவதில்லை.

இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிற ஒருத்தரைக் காட்டு, நாற்காலியை நானே துடைத்துக் கொடுக்கிறேன்.

சாரு


கோடம்பாக்கம்
22 செப்டம்பர் 2025

சாரும்மா,

குடம் சரியாகிவிட்டது. நீ சொன்னபடியே செய்தோம். நேற்று தி.நகரில் ஓடவிட்டார்கள். நானும் சுஹாஸும் எதிர்ச்சாரியில் ஆளுக்கொரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றோம். பூக்காரம்மா எங்களைப் பார்த்து, கண்வலியா, பன்னீர் விடுங்க என்றாள். அயான் வெளியே வந்து, "கையை நீட்டி எடுத்துக்கலாம் போல கீது மேடம்" என்றான். சாரு மேடம் செய்தது என்று சொன்னேன். உன் பெயரை நான் மறைக்கவில்லை.

சுஹாஸ் உன் மெயிலை இரண்டு தடவை படித்தான். மேடம் எப்போது வருவார்கள் என்று தினமும் கேட்கிறான். உன் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறான்.

ஆனாலும் வேண்டாம் சாரு. இந்த வேலை உனக்கு வராது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ நிரூபித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும், நிரூபித்தும் விட்டாய். பிரச்சினை அது இல்லவே இல்லை.

ஜூலையில் நம் மாடிப்படியில் விழுந்தாயே. நீ எழுந்து உட்கார்ந்து, செருப்பு எங்கே என்று கேட்டாய். உன் மோவாயிலிருந்து ரத்தம் வழிந்து புடவையெல்லாம் ஆகியிருந்தது உனக்குத் தெரியவில்லை. நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். உன் தலை கடைசிப் படியில் மோதின சத்தத்தைக் கேட்டவள் நான். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஃப்ளெக்ஸ் கடைப் பையன்கள் படியில் ஓடினால் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்க்கிறேன். தையல் போட்டு உன்னை வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோவில் திரும்பி வரும்போது வேண்டிக்கொண்டேன். இவளை இனி அந்தப் படியில் ஏறவிட மாட்டேன் என்று. வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்றுகூடச் சொல்லியிருந்தால் தேவலை. இதைச் சொல்லிவிட்டேன்.

பயமாக இருக்கிறதடி. அவ்வளவுதான். இதற்குமேல் பூசி மெழுக என்னிடம் ஒன்றும் இல்லை.

டோரதி


மயிலாப்பூர்
24 செப்டம்பர் 2025

அடி அசடே,

இதை ஜூலையிலேயே சொல்வதற்கு என்ன? நீ என்னைக் கழித்துக் கட்டுகிறாய் என்று இத்தனை நாளும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை திட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

நீ பயந்தாய் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கொலுவுக்கு வந்த மாமிகள் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். ஜலதோஷம் என்று ராகவன் சமாளித்தார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் விழுந்ததற்குக் காரணம் என் கண் இல்லை. நம் மாடிப்படிக்கு நேர் உச்சியில் ஒரு டியூப்லைட் இருக்கிறது. அதன் கீழே எந்தப் படிக்கும் நிழல் கிடையாது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே சிமென்ட் பலகை. எங்கள் வீட்டு மாடியில் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது, தினமும் துணி உலர்த்த ஏறி இறங்குகிறேன், ஒரு முறை தடுக்கியதில்லை. இனிமேல் நம் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலால் தடவித்தான் இறங்குவேன். எனக்கு அவமானம் ஒன்றும் இல்லை.

திரும்ப விழவே மாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுக்க முடியாது. விழலாம். இரண்டு கண்ணும் உள்ளவர்கள் தினம் விழுகிறார்கள். உன் பயத்துக்காக நான் ஆத்துக்குள் உட்கார்ந்திருந்தால், எனக்குப் போனது ஒரு கண்ணோடு நிற்காது. உன் வேண்டுதலை நீயே மாதாவிடம் பேசித் தீர்த்துக்கொள். என்னைக் கேட்காமல் நீ என் காலை நேர்ந்துவிட்டால் அவள் ஒத்துக்கொள்வாளா என்ன?

திங்கட்கிழமை காலை வருகிறேன். புதன்கிழமை ஆயுத பூஜை, என் டேப்லெட்டுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். என் நாற்காலி எனக்கு இல்லை என்றால் கே.கே. நகரில் ஒரு அறை பார்த்துவைத்திருக்கிறேன், தரைத்தளம். அங்கே பலகை மாட்டுவேன், அதில் உன் பெயர் இருக்காது. மிரட்டல் என்று நினைத்தால் மிரட்டல்தான். ஆனால் எனக்கு அங்கே போக ஆசையில்லை. எனக்கு உன்னோடு சண்டை போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

உன்,
சாரு


கோடம்பாக்கம்
27 செப்டம்பர் 2025

சாருவுக்கு,

நேற்று எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். உச்சியில் இருந்த டியூப்லைட்டைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில் மாட்டச் சொன்னேன். "யாராவது இவ்ளோ கீழ லைட் போடுவாங்களாக்கா?" என்று கேட்டான். நான் போடுவேன் என்றேன். மாட்டி முடித்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஏறி இறங்கினேன். ஒவ்வொரு படியும் தனித்தனியாக நின்றது. அதற்கு முன்பு பழைய லைட்டிலும் ஒரு தடவை அப்படி இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ ஏப்ரலிலிருந்து ஜூலை வரை வாயைத் திறக்காமல் அதில் ஏறி இறங்கியிருக்கிறாய். பாவி.

வேண்டுதல் விஷயத்தைச் சாந்தோம் சாமியாரிடம் கேட்டேன். அடுத்தவர் காலை நேர்ந்துகொள்ள உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அவரும் உன் மாதிரியே கேட்டார். பரிகாரமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அதை நாளைக்கு முடித்துவிடுவேன்.

சுஹாஸ் ஜன்னல் பக்கத்து மேசைக்குப் போய்விட்டான். போகும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சை முடிந்த பிள்ளை மாதிரி இருந்தான்.

திங்கட்கிழமை வா. கீழே வந்து உன் கையைப் பிடிக்க எனக்குக் கையும் காலும் துடிக்கும். வர மாட்டேன். மேலே என் இடத்தில் உட்கார்ந்து யாரோடாவது போனில் பேசிக்கொண்டிருப்பேன். நீ உள்ளே வரும்வரை அவர்கள் சொல்கிற ஒரு வார்த்தையும் என் காதில் விழாது.

டோரதி