பங்கு வைத்த மாத்திரை

மார்ச் 10, திங்கள்

ஒன்பதுக்கே வெயில் சுள்ளென்று. ஸ்கூட்டர் பஞ்சர். செய்தி சேகரிக்க மருத்துவமனைக்கு நடை.

உறுதியானது: கல்வராயன் மலையிலிருந்து நேற்று கொண்டுவந்த பூங்கொடிக்கு (12) இதயம் படபடவென்று ஓடியதற்குக் காரணம் ஒரு மாத்திரை. சொன்னவர் வார்டு மருத்துவர், நேரில், 9.40. கவனம் நிலைக்காத கோளாறு உள்ளவர்களுக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தரவேண்டியது. பூங்கொடிக்கு எந்தக் கோளாறும் இல்லை.

மாத்திரை அவள் அக்கா தவமணியுடையது. வயது 19. கள்ளக்குறிச்சியில் ஒரு நீட் பயிற்சி மையத்தின் விடுதியில் இருக்கிறாள். இரண்டாம் முறை எழுதப்போகிறாள். அவளுக்கும் கோளாறு இல்லை. மையத்தில் தினம் காலை வரிசையில் நிறுத்தி ஒன்று தருகிறார்கள். போன வாரம் ஊருக்குப் போனபோது, லீவிலும் விட்டுப்போகக் கூடாதென்று ஓர் அட்டையாகவே கொடுத்தனுப்பினார்களாம். அதில் ஒன்றுதான் இது.

அம்மா, வார்டு வாசலில்:

"கீழருந்து இன்னா வந்தாலும் புள்ளைங்களுக்குப் பங்கு வெச்சிதாங்க குடுப்போம். முறுக்கு வந்தா முறுக்கு. பெரியவளுக்கு மட்டும் படிப்பு ஏறினா போதுமா? சின்னதுங்களுக்கும் பரீச்ச வருதே. அருவாமனைல ரெண்டா நறுக்கிக் குடுத்தேன்."

தம்பி கசக்கிறதென்று துப்பிவிட்டான். வீணாகக் கூடாதென்று அவன் பங்கையும் பூங்கொடியே தின்றாள். முழுசாக விழுங்கினால் நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது. நறுக்கியதால் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிட்டது என்கிறார் மருத்துவர்.

அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. கோபம் போக வேண்டிய இடம் வேறு.

மார்ச் 11, செவ்வாய்

பஞ்சர் ஒட்டியாயிற்று. பி.பி. மாத்திரை போட மறந்தேன். மையத்துக்குப் போக ஏற்ற நாள்தான்.

நிர்வாகி ஏ.சி. அறையில். காபி வரவழைத்தார்.

"யாரையும் கட்டாயப்படுத்தலிங்க. அப்பாங்ககிட்ட சம்மதம் வாங்கியிருக்கோம்."

காட்டினார். 'நினைவாற்றல் ஊட்டம்' என்று அச்சடித்த தாள். கீழே தவமணி அப்பாவின் கைநாட்டு. மருந்து என்ற சொல்லே இல்லை.

"நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து?"

"காபி குடிச்சிக்கினுதான சார் நியூஸ் எழுதறீங்க? அது இன்னா, கோயில் தீர்த்தமா?"

சிரித்தார். பக்கத்திலிருந்த கணக்கு வாத்தியாரும் சிரித்தார். என் கையில் டம்ளர். பிறகு கேட்டேன்: "பிளஸ் டூ படிக்கிறானே உங்கள் பையன், அவனுக்கும் உண்டா?"

"அவனுக்கு இன்னாத்துக்குங்க? அவன் நல்லா இருக்கிறான்."

சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். காபியை வைத்துவிட்டு எழுந்தேன். பாதி டம்ளர்.

மார்ச் 12, புதன்

நிர்வாகியின் காபிக் கேள்விக்கான பதில் குளிக்கும்போது வந்தது. காபி குடிக்காதவன் அதனால் வகுப்பில் பின்தங்குவதில்லை. யாரும் வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றுவதும் இல்லை. ஒரு நாள் தாமதம். எரிச்சல்.

மருந்து ஆய்வாளர், தொலைபேசியில், 11.15: தொகுதி (பேட்ச்) எண்ணோடு அட்டை கையில் கிடைத்தால்தான் சோதனைக்கு வர முடியும். அட்டை தவமணியிடம் இருக்கிறது. விடுதி வாசலில் போய்க் கேட்டேன். தர மாட்டேன் என்கிறாள்.

"ரூம்ல எட்டு பேரு சார். ஏழு பேரு போடறாங்க. நான் மட்டும் போடாம தூங்கறதுக்கா மலையில இருந்து வந்தேன்? மையத்த மூடிட்டா நான் எங்க போயி படிப்பேன்? உங்க பேப்பர்ல வந்துடும். எனக்கு காலேஜ் சீட்டு வருமா?"

"போட்டால் படிப்பு ஏறுகிறதா?"

"தெரியல. தூக்கம் வரல. அதுவே போதும்."

கத்திவிட்டேன். அவளிடம் கத்தியது தவறு.

பத்திரிகை டெஸ்க் இரண்டு முறை போனில் கூப்பிட்டது. கல்வராயன் மலைச் சாலைச் செய்தி என்ன ஆயிற்று என்று. எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம்.

பூங்கொடி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறாள். துடிப்பு கம்மி ஆகியிருக்கிறது, இன்னும் சீராகவில்லை. தவமணி பக்கத்தில். சின்னவள் கேட்டாள்:

"யக்கா, பரீச்சைக்கு இன்னொன்னு குடுப்பியா? இந்த வாட்டி நறுக்காம முழுங்கறேன்."

தவமணி பையைத் திறந்து அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. வாசல்வரை வந்தவள் சொன்னாள்:

"காலைல ஒன்னு போட்டுட்டேன் சார். இன்னிக்கி டெஸ்டு."

அட்டை ஆய்வாளரிடம், 12.30, ஒப்புகைச் சீட்டுடன்.

பாக்கி:
பூங்கொடிக்கு எக்கோ (இதய ஸ்கேன்): நாளை பத்து மணி.
ஆய்வக முடிவு: அடுத்த வெள்ளி. அதுவரை மையத்தை மூட முடியாது என்கிறார் ஆய்வாளர்.
மாத்திரை வரிசை: நாளை காலை ஐந்தரை. தவமணி அதில் நிற்பாளா என்று கேட்டேன். தெரியல சார் என்றாள்.