சுண்ணாம்பு தின்ற கீரைப்பாத்தி

"ஏன் டீச்சர், கீரை வெளுத்துப் போவுதே, உங்க புக்குல ஏதாவது போட்டிருக்கா?"

அக்கா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி இன்று காலை திரும்பி வந்தது. ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் சமையலறையில் சிந்திவிட்டது. அந்தப் புளித்த நெடி ஏறியதும், வைத்திக்குப்பத்தில் நம் மூன்று வீடுகளுக்கும் பொதுவாக இருந்த தோட்டமும், என் கையில் நுரைத்த கிண்ணமும் கண்முன் வந்து நின்றன.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆலை மூடிக் கிடந்தது. பாத்தியில் பறித்த தண்டுக்கீரையை நீங்கள் கூடையில் சுமந்து விற்று வந்தால்தான் அன்றைக்கு உலை ஏறும். அந்தக் கீரைதான் நரம்பு மட்டும் பச்சையாக, இலையெல்லாம் மஞ்சளாக வெளுத்துக்கொண்டு வந்தது.

நான் பள்ளி அலமாரியிலிருந்து பிரெஞ்சுத் தோட்டப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து படித்துக் காட்டினேன். செடி வெளுத்தால் மண் புளித்திருக்கிறது, சுண்ணாம்பு போடு என்றிருந்தது. "சுண்ணாம்பு வெத்தலைக்குத்தானே டீச்சர்?" என்று தயங்கினீர்கள். நான் சிரித்தேன். நானே இரண்டு கூடை கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து தூவினேன்.

ஐந்தாம் நாள் கீரை கருகி மடிந்தது.

நீங்கள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. பக்கத்து வீட்டு மீன்காரம்மாவைப் பிடித்துக்கொண்டீர்கள். "மீன் கழுவுன உப்புத் தண்ணிய என் பாத்தியில ஊத்திட்டியேடி! இனிமே எங்க கிணத்துல உனக்குத் தண்ணி கெடையாது."

"உன் கீரைய நாசம் பண்ணி எனக்கு என்னா வரப்போவுது? மீனுக்குத் தொட்டுக்க உன் கீரையா கேட்டேன்?"

நான் உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அவசரத்தில் தாண்டிப்போன பக்கம் ஒன்று இருந்தது. காய்ந்த மண்ணில் முதலில் வினிகர் விட்டுப் பார், பொங்கினால் சுண்ணாம்பு போடாதே. சுண்ணாம்பு படாத முருங்கையடி மண்ணைக் கிண்ணத்தில் அள்ளி வினிகர் விட்டேன். சொர்ரென்று நுரைத்தது. கிளிஞ்சல் பொடிந்து கலந்த கடற்கரை மண், அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்திருந்தது. வயிறு முட்டத் தின்றவனை உட்காரவைத்து மறுபடியும் இலை போட்டிருக்கிறேன்.

வெளியே குடம் உருளும் சத்தம். பேசாமல் இருந்துவிட்டால் டீச்சர் என்ற பெயர் எனக்கு நிற்கும். அந்த அம்மாளுக்குக் குடிதண்ணீர் நின்றுவிடும். கிண்ணத்தோடு வெளியே வந்தேன்.

"அக்கா, கீரையைக் கொன்னது நான்தான்."

நீங்கள் நுரையைப் பார்த்தீர்கள். "அந்த புக்கு எந்த ஊர்ல எழுதுனது?"

"பிரான்சுல."

"அப்ப அந்த ஊர் மண்ணுக்குச் சொல்லியிருக்கான். எங்கிட்ட வந்து ஏன் படிச்சே?"

அதுவரை 'நீங்க' என்று மட்டுமே என்னை அழைத்தவர் நீங்கள்.

மேலே படிந்த வெள்ளையைச் சுரண்டி அள்ளினோம். தவளக்குப்பத்திலிருந்து உங்கள் அண்ணன் ஏரி வண்டல் கொண்டுவந்து இறக்கினார், நீங்கள் புது விதை தூவினீர்கள். பள்ளி விட்டதும் தினமும் நான் பால்காரர் தொழுவத்திலிருந்து மக்கிய சாணி சுமந்தேன். கூடையை எங்கே கொட்டுவது என்று விரலால் மட்டும் காட்டுவீர்கள். அத்தனை வாரமும் உங்கள் வீட்டுக் கஞ்சிக்கு மீன்காரம்மா கொடுத்த கருவாடுதான் துணை என்பது எனக்கும் தெரியும். இலை மறுபடி வெளுத்திருக்குமோ என்று ஒவ்வொரு நாளும் பாத்தியருகே குனிய எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு நாள் கீரை கரும்பச்சையாக நின்றது. முதல் கட்டுக் கீரையை அறுத்து என் கையில் வைத்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உனக்கில்ல. அவளுக்கு. பழி போட்டது நானு, பண்ணது நீயி. கொண்டுபோயி குடு."

கொடுத்தேன். மீன்காரம்மா வாங்கி முகர்ந்து பார்த்து, "சுண்ணாம்பு வாசன இல்ல" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரித்தது கேட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை தடுமாறினால், அதற்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்குமுன் அதனிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பேன். அக்கா, அது உங்கள் பாத்தியில் வந்த பழக்கம்.

இதைப் படிப்பவர் வீட்டில் செடி வெளுத்திருந்தால், எதையும் வாங்கிப் போடுமுன் ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் நாலு சொட்டு வினிகர் விட்டு, காதை அருகே வைத்துக் கேளுங்கள்.